ஜமுனாமரத்தூரில் ஒரு மைல் கணக்கு

"அம்மா, உலகத்தில் எந்த ஊரைப் பார்க்க உனக்கு ஆசை? தயங்காமல் சொல். என்னிடம் வேண்டிய மைல் இருக்கிறது" என்றான் தம்பி.

"ஜமுனாமரத்தூர்" என்றாள் சித்தி.

நாங்கள் சிரித்துவிட்டோம். தம்பி சிரிக்கவில்லை. அவன் எங்கள் சிறிய தாயாரின் ஒரே பிள்ளை. பதினாறு வருஷமாக அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கிறான். பொங்கலுக்காக மூன்று வார லீவில் போளூருக்கு வந்திருந்தான். ஓர் ஆகாய விமானக் கம்பெனியின் கணக்கில் அவன் பெயருக்கு 2,10,000 மைல் வரவு இருக்கிறது. அந்த மைலைக் கொண்டு சிங்கப்பூர் போகலாம், லண்டன் போகலாம், நியூயார்க் போகலாம். ஆனால் போளூருக்கு மேற்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு மட்டும் போக முடியாது. அதற்கு அரசாங்க பஸ்ஸில் ஏறிச் சில்லறை கொடுத்து டிக்கட் வாங்க வேண்டும்.

சித்திக்கு வயது 74. கல்யாணமான புதிதில், சிற்றப்பா மலைமேல் உபாத்தியாயராக இருந்தபோது, ஆறு வருஷம் அங்கே குடித்தனம் செய்தவள். "பேத்தியைப் பார்க்க அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன் என்று நீ சொல்லி எட்டு வருஷமாயிற்று. அது நடக்கிறபோது நடக்கட்டும். ஜமுனாமரத்தூராவது நாளைக்கே நடக்குமல்லவா? முழங்கால் மடங்குகிற வரையில் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றாள்.

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஆனால் தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆகவே மறுநாள் சனிக்கிழமை காலையில் நால்வருமாகப் பஸ் ஏறினோம்.

போளூரை விட்டு மேற்கே திரும்பியதும், அத்திமூர் வரையில் வயலும் தோப்புமாகச் சமவெளிச் சாலைதான். அப்புறம் மலை எழுந்து நிற்கிறது. பஸ் முனகிக்கொண்டே வளைவு வளைவாக ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் கீழே விட்டுவந்த ஊர்கள் சிறுத்துப்போய், ஏரிகள் கண்ணாடித் துண்டுகளைப்போல் மின்னுகின்றன. தை மாதத்துப் பனி மரங்களுக்கிடையில் இன்னும் விலகாமல் நின்றது. "மழை பெய்து பாதை போய்விட்டால் இந்த வழியாக நடந்தே இறங்குவோம். சிற்றப்பா தலையில் டிரங்குப் பெட்டி, என் இடுப்பில் இவன் அக்கா" என்று சித்தி ஒரு சரிவைக் காட்டினாள். அந்த அக்கா இப்போது இல்லை. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாலையோரத்தில் ஒரு மைல் கல் வந்தது. நம் நாட்டில் கிலோமீட்டர் கணக்கு வந்து எத்தனையோ காலமாகியும் நாம் அதை மைல் கல் என்றே சொல்லுகிறோம். இந்தக் கல்லைக் கண்டதும் எங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "தம்பி, உன் விமான மைல் இருக்கிறதே, அது இந்த மைலைப்போல் தூரத்தை அளக்கிறதா?" என்று கேட்டோம்.

"அளந்த காலம் உண்டு" என்று அவன் கதையை ஆரம்பித்தான்.

1981-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் கம்பெனி 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. தங்கள் விமானத்தில் ஆயிரம் மைல் பறந்தவருக்கு ஆயிரம் மைல் வரவு வைப்பது, வரவு பெருகியதும் இலவச டிக்கட் தருவது என்பது ஏற்பாடு. யுனைடெட் கம்பெனி சில நாட்களுக்குள் அதே வழியில் இறங்கிவிட்டது. பிறகு உலகமெங்கும் பரவிற்று. ஆனால் 2015-இல் டெல்டா, யுனைடெட் ஆகிய கம்பெனிகளும், 2016-இல் அமெரிக்கனும் பழைய அளவுகோலைக் கைவிட்டன. எவ்வளவு தூரம் பறந்தாய் என்று கேட்பதை விட்டு, எவ்வளவு பணம் கொடுத்தாய் என்று கேட்கத் தொடங்கின. நம் ஏர் இந்தியாவும் 2024-இல் அந்த முறைக்கு வந்தது. ஆகவே இன்று பெயர்தான் மைல், அளப்பதெல்லாம் பணம்.

"பறக்காமலே சேர்ப்பவர்கள்தாம் அதிகம்" என்றான் தம்பி. பாங்கிகள் விமானக் கம்பெனிகளிடம் மைலை மொத்தமாக விலைக்கு வாங்கி, தங்கள் கடன் அட்டையில் சாமான் வாங்குகிறவர்களுக்குச் சில்லறையாக வழங்குகின்றன. கம்பெனிகளுக்கு இந்த வியாபாரத்தில் வரும் லாபம் கொஞ்சநஞ்சமல்ல. தொற்றுநோய்க் காலமான 2020-இல் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் கம்பெனி தன் மைல் திட்டத்தையே ஈடு வைத்து ஐந்நூறு கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டியது என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

1999-இல் நடந்த ஒரு வேடிக்கையையும் சொன்னான். கலிபோர்னியாவிலுள்ள ஓர் எஞ்சினீயர், ஒரு பலகாரக் கம்பெனியின் மேலுறைகளை அனுப்பினால் மைல் தருவார்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்தார். அந்தக் கம்பெனியின் சரக்கில் மிக மலிவானது ஒரு கிண்ணம் புட்டிங். ஊர் ஊராகச் சென்று 12,150 கிண்ணம் வாங்கினார். செலவு 3,140 டாலர். கிடைத்தது பன்னிரண்டரை லட்சம் மைல். புட்டிங்கை ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்து, அங்கிருந்த தொண்டர்களைக் கொண்டே மேலுறைகளையும் உரிக்கச் செய்துவிட்டார்!

"அவர் அந்த மைலில் தம் தாயாரை எங்காவது அழைத்துப் போனாரா?" என்று கேட்டாள் சித்தி. தம்பிக்குப் பதில் தெரியவில்லை.

ஜமுனாமரத்தூர் பெரிய ஊரன்று. ஜவ்வாது மலைக்குத் தலைமையிடம் என்ற முறையில் அரசாங்க ஆபீசுகளும், பள்ளிக்கூடமும், ஆஸ்பத்திரியும், கடைத்தெருவும் உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்த மலைகள் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று ஜில்லாக்களில் பரந்திருக்கின்றன. செய்யாறு பிறப்பது இங்கேதான். ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர்போன மலை. இன்று பலாவும் புளியும் சீதாப்பழமும் தேனும் கடுக்காயும் இறங்கி வருகின்றன. இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்களுடைய பாஷை தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்தார்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

சித்தி தான் குடியிருந்த வீட்டைத் தேடினாள். வீடு இல்லை, இடம் இருந்தது. பள்ளிக்கூடம் புதுக் கட்டடமாகியிருந்தது. ஆனாலும் அந்தத் தெருக்கோடியில் சாமை அரிசி விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, சித்தியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வாத்தியாரம்மாதானே?" என்று கேட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது! இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சாமை இந்த மலையின் முக்கிய விளைவு. மானாவாரி நிலத்தில் அதிக நீர் கேளாமல் விளைவது. உமியோடு வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. முன்பெல்லாம் உரலில் குற்றிக் குற்றிப் பெண்களின் கை காய்த்துப்போகும்; இப்பொழுது குற்றி அரிசியாக்க இயந்திரம் வந்துவிட்டது. மூதாட்டி ஒரு படியை எடுத்து, கூராக நிரப்பி, தலைதட்டாமல் அப்படியே சித்தியின் பையில் கொட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நாங்கள் தம்பியிடம் சொன்னோம்: "உன் மைலையும் நீ சாமை என்று நினைத்துச் சேர்த்து வைத்திருக்கிறாய். வித்தியாசத்தைப் பார். சாமையைக் குதிரில் வைத்தால் அது சாமையாகவே இருக்கும். படியும் ஊருக்குப் பொதுவான படி. உன் மைல் இருப்பதோ கம்பெனியின் குதிர். அளக்கும் படியும் கம்பெனியின் கையில்."

அவன் மறுக்கவில்லை. அவன் கதையே அதற்குச் சாட்சி. 2018-இல் சித்திக்கு அமெரிக்க விசா வாங்கினான். பத்து வருஷ விசா, 2028-இல் முடிந்துவிடும். தாயாரை நெருக்கடியான வகுப்பில் உட்கார வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. முழங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகக்கூடிய பிஸினஸ் வகுப்பில்தான் அழைத்துப் போவது என்று பிரதிக்ஞை செய்துகொண்டான். அப்பொழுது ஒரு வழிக்கு 75,000 மைல் கேட்டார்கள். அவனிடம் இருந்தது 60,000. அவன் 80,000 சேர்த்தபோது விலை 95,000 ஆகிவிட்டது. பிறகு இரண்டு வருஷம் தொற்றுநோய் தின்றுவிட்டது. இப்பொழுது ஒரு வழிக்கு 1,20,000. போகவும் வரவும் 2,40,000. கையிலிருப்பதோ 2,10,000. "இன்னும் முப்பதாயிரந்தான் குறைகிறது" என்றான்.

"அன்றைக்கு எவ்வளவு குறைந்தது?" என்று கேட்டோம்.

"பதினைந்தாயிரம்" என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். எட்டு வருஷம் சேர்த்த பிறகும் குறை தீரவில்லை!

இது அவன் ஒருவனுடைய துரதிர்ஷ்டமன்று. முன்பு எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று கம்பெனிகள் அட்டவணை போட்டு வைத்திருந்தன. டெல்டா 2015-லும் யுனைடெட் 2019-லும் அந்த அட்டவணையை எடுத்துவிட்டன. பணவிலை ஏற இறங்க, மைல் விலையும் அவர்கள் இஷ்டப்படி ஏறி இறங்கும். கம்பெனியே மறைந்துபோவதும் உண்டு. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானங்கள் நின்றபோது, 'கிங் கிளப்' மைல் வைத்திருந்தவர்களுக்கு ஏறுவதற்கு அந்தக் கம்பெனியின் விமானம் இல்லாமற் போயிற்று. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்தபடியால் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாறித் தொடர்ந்தது. ஆனால் எந்த விமானத்தை நம்பிச் சேர்த்தார்களோ, அந்த விமானம் இல்லை. நல்ல முடிவுகளும் இல்லாமற் போகவில்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, அதன் வரவுகள் ஏர் இந்தியாவின் மஹாராஜா கிளப்புக்கு வந்து சேர்ந்தன. ஆனால் எது எந்த வழியாகும் என்பதைச் சேர்க்கிறவர் முன்கூட்டி அறிய முடியாது.

மாலையில் ஒரு ஜீப் பேசிக்கொண்டு காவலூருக்குப் போனோம். ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில், சுமார் 700 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாரத நாட்டு வான சாஸ்திரத்துக்குப் புத்துயிர் கொடுத்த வைணு பாப்பு 1960-களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கே இருக்கிறது. அதன் பூர்த்தியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 1982-இல் காலமானார். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணம் செய்தபோது, நிலையத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று 1977-இல் கண்டறியப்பட்டபோது, அந்தக் காட்சியைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறு கிரகத்துக்கு நம் கணித மேதை ராமானுஜனுடைய பெயர் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் பொதுஜனங்களும் பார்க்கலாம். வானம் நிர்மலமாக இருந்தது. சித்தி மெள்ளப் படியேறி ஒரு சிறு தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். தை மாதத்து இரவில் ஸிரியஸ் நட்சத்திரம் வைரம்போல் எரிந்துகொண்டிருந்தது. அதன் ஒளி நம்மை வந்தடைய எட்டு வருஷத்துக்குச் சற்று மேல் ஆகும் என்று தம்பி தாயாருக்கு விளக்கினான்.

"அப்படியானால், நீ என்னை அழைத்துப் போகிறேன் என்று சொன்னபோது அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் வந்தே சேர்ந்துவிட்டது, பார்!" என்றாள் சித்தி.

அன்றிரவு விடுதியில் தம்பிக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அறைக்கு வந்து, "அண்ணா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி எனக்குக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்" என்றான். கைபேசியில் அன்றைய விலைகளை அவன் சொல்ல, நாங்கள் ஒரு தாளில் எழுதினோம். வாசகர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதை இங்கே தருகிறோம்.

ஒரு மைலின் மதிப்பு என்ன? டிக்கட்டின் பணவிலையிலிருந்து, மைல் டிக்கட்டுக்கும் கட்டவேண்டிய வரியைக் கழித்து, மிச்சத்தை மைலால் வகுக்க வேண்டும். சாதாரண வகுப்பு ஒரு வழிக்குப் பணவிலை ரூ. 72,000, மைலாகக் கொடுத்தால் 45,000 மைலும் ரூ. 6,000 வரியும். 66,000-ஐ 45,000-ஆல் வகுத்தால், மைலுக்கு 1 ரூபாய் 47 காசு. பிஸினஸ் வகுப்பு ரூ. 2,80,000, மைலில் 1,20,000-உம் ரூ. 10,000 வரியும். மைலுக்கு 2 ரூபாய் 25 காசு. கம்பெனியின் பரிசுக் கடையில் ரூ. 4,000 பெறும் மிக்ஸிக்கு 14,000 மைல் கேட்கிறார்கள். மைலுக்கு 29 காசுகூட முழுதாகத் தேறவில்லை. ஆகவே மைலைக் கொடுத்துச் சாமான் வாங்குவது, சாமையைக் கொடுத்து உமி வாங்குவது போலத்தான்.

"பார்த்தீர்களா, பிஸினஸ் வகுப்பில்தான் லாபம்" என்றான் தம்பி.

"கணக்கு சரி, கேள்வி தப்பு" என்றோம். ரூ. 2,80,000 ரொக்கம் கொடுத்து அந்த ஆசனத்தை அவன் ஒருநாளும் வாங்கமாட்டான். வாங்காத விலையை வரவு வைப்பது காகித லாபம். மைல் இல்லாவிட்டால் எந்தப் பயணத்துக்கு மெய்யாகவே கைப்பணம் செலவழிப்போமோ, அந்தப் பணம் மிச்சமாவதுதான் மைலின் மெய்யான மதிப்பு. செய்யாத பயணத்தில் மைலுக்கு மதிப்புப் பூஜ்யம். எட்டு வருஷமாக அவன் மைலின் மதிப்பு அதுதான்.

மற்ற விஷயங்களையும் ஒவ்வொன்றாக விசாரித்தோம். தாயார் பெயருக்கு மைலை மாற்றிக் கொடுக்க வேண்டுமென்று அவன் எண்ணியிருந்தான். அதற்குக் கம்பெனிகள் கட்டணம் கேட்கும். ஆனால் தன் கணக்கிலிருந்தே தாயாருக்கு டிக்கட் எடுக்கப் பெரும்பாலான திட்டங்களில் தடை இல்லை. ஒரு கம்பெனியின் மைலை அதன் கூட்டாளிக் கம்பெனியின் விமானத்திலும் செலவிடலாம். ஏர் இந்தியா 2014-இல் சேர்ந்த ஸ்டார் அலையன்ஸ் அத்தகைய ஒரு கூட்டுறவு. சில கம்பெனிகள் மைல் டிக்கட்டின்மேல் எண்ணெய்க் கட்டணம் என்று பெருந்தொகை சுமத்துவதால், வரியைப் பார்க்காமல் மைலை மட்டும் பார்ப்பது பிசகு. ஆயுளும் ஒன்றுபோல் இல்லை. சிங்கப்பூர்க் கம்பெனியின் மைலுக்கு மூன்று வருஷம். அமெரிக்கனில் இருபத்து நான்கு மாதம் வரவு செலவே இல்லாவிட்டால் போய்விடும். யுனைடெட் 2019 முதல் காலவரை வைக்கவில்லை. காலவரை இல்லை என்றால் விலை ஏறாது என்று அர்த்தமில்லை. உடையவர் காலமானால் பல திட்டங்களில் மைல் வாரிசுக்கு உரிமையாகச் சேர்வதுமில்லை. மைலுக்காகக் கடன் அட்டையில் வாங்கி, மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டாதவர் வட்டியாகக் கொடுப்பது, மைலாகப் பெறுவதைவிடப் பன்மடங்கு.

இப்படி ஒருவருக்கொருவர் வழி சொல்வது நம்மவர்களுக்குப் புதிதல்ல. இந்த மலைத்தொடருக்குத் தெற்கே பர்வதமலை நிற்கிறது. மலைபடுகடாம் பாடும் நவிரமலை அதுவே என்று அறிஞர் பலர் கொள்வர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் அது கடைசிப் பாட்டு. கூத்தராற்றுப்படை என்றும் பெயர். செங்கண்மாவின் தலைவன் நன்னனிடம் பரிசில் பெற்றுவந்த கூத்தன், பெறாதவனைக் கண்டு, இந்த வழியாகப் போ, இன்ன இடத்தில் எச்சரிக்கையாக இரு, வழியிலுள்ள குடிகள் இன்ன உணவு தந்து உபசரிப்பார்கள் என்று சொல்கிறான். சேர்த்து வை என்று சொல்லவில்லை. புறப்படு என்றுதான் சொல்கிறான்.

தம்பிக்கு இன்னும் ஒரு தயக்கம். "அம்மாவைச் சாதாரண வகுப்பிலா?" என்றான்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915-இல் திரும்பியபின் மூன்றாம் வகுப்பில் பாரத தேசம் முழுவதும் சுற்றினார். அந்த வகுப்பின் கஷ்டங்களை அவர் மூடி மறைக்கவில்லை. 1917-இல் விரிவாக எழுதி அதிகாரிகளைக் கண்டித்தார். ஆனால் வகுப்பு நன்றாகும் வரையில் பிரயாணத்தை அவர் ஒத்திப்போடவில்லை. நாங்களும் கஷ்டத்தை மறைக்க வேண்டாம், குறைக்கலாம் என்றோம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும். காலை நீட்ட இடமுள்ள ஓர ஆசனத்தைக் கொஞ்சம் பணம் கொடுத்து வாங்கலாம். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் இல்லை. எப்படியும் வழியில் மாறவேண்டும். அந்த இடத்தில் சில மணி நேரம் கால் ஆற வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மகன் பக்கத்தில் இருப்பான்.

மறுநாள் காலையில் பீமன் அருவியைப் பார்க்கப் போனோம். தை மாதமாதலால் நீர் மெலிந்து, பாறையைத் தடவிக்கொண்டு இறங்கிற்று. சித்தி காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி அப்பொழுதுதான் விஷயத்தைச் சொன்னான்: "அம்மா, இன்னும் பன்னிரண்டு நாளில் நான் திரும்பும் விமானத்திலேயே நீயும் வருகிறாயா? பெரிய வகுப்பு இல்லை. என் பக்கத்தில்."

சித்தி யோசிக்கவே இல்லை. "உன் பக்கத்தில் என்றால் ஜமுனாமரத்தூர் பஸ்ஸிலேயே வருவேனே! யார் பெரிய வகுப்புக் கேட்டது?" என்றாள்.

யாரும் கேட்கவில்லைதான். எட்டு வருஷத்தில் அவன் தாயாரை ஒரு தடவைகூட அதைப்பற்றிக் கேட்டதில்லை என்பது அப்பொழுதுதான் எங்களுக்கும் விளங்கிற்று.

அருவியருகே கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து, டீக்கடை வாசலில் நின்று பார்த்தான். அவன் போகும் விமானத்தில் மைலுக்குக் கொடுப்பதற்கு ஒரே ஓர் ஆசனம் இருந்தது. பெயரை எழுதும்போது தொடர்பு அறுந்துவிட்டது. மறுபடி பிடித்து, மறுபடி அறுந்தது. கடைக்காரர் அனுதாபத்துடன், "அந்தத் திட்டின்மேல் ஏறி நில்லுங்கள், ஸார், அங்கே எடுக்கும்" என்றார். அமெரிக்காவில் பெரிய உத்தியோகத்திலிருப்பவன் திட்டின்மேல் ஏறிக் கையை உயர்த்திக்கொண்டு நின்ற கோலத்தைப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மூன்றாவது தடவை டிக்கட் முடிந்தது. 45,000 மைல் கழிந்தது. எட்டு வருஷத்தில் அந்தக் கணக்கில் விழுந்த முதல் செலவு அதுதான்!

மிச்சம் 1,65,000. ஜூன் மாதம் பள்ளி விடுமுறையில் சித்தி திரும்பும்போது, தம்பியும் பேத்தியும் கூடவே வருவதென்று தீர்மானமாயிற்று. மூன்று ஆசனத்துக்கு 1,35,000. பாக்கி 30,000-ஐப்பற்றி அவன் கவலைப்படவில்லை. இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு நேற்றுவரை ஓர் அடிகூட நகராதிருந்தவனுக்கு, இன்று நான்கு ஆசனம்.

"நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் போகிற டிக்கட்டுக்கு மட்டும் கைப்பணம் கொடுக்க வேண்டியிருக்கும்" என்று தம்பி கணக்கை முடித்தான்.

"பேத்தி போகமாட்டேன் என்று சொல்லிவிட்டால் பாதிப் பணம் மிச்சம்" என்றாள் சித்தி.

போளூர் பஸ் வந்துவிட்டது. நால்வருக்கும் டிக்கட் வாங்கினோம். சாமைப் பையை மடியில் வைத்துக்கொண்டு சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஜூன் மாதம் பேத்தியோடு மறுபடி வருவதாக அந்த மூதாட்டியிடம் அவள் ஏற்கனவே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.